வலது கை மோதிர விரல்

நானூத்து முப்பத்தொண்ணு. கண்ணாடியத் தொடைச்சுப் போட்டுக்கிட்டு மெசினப் பாத்தாலும் அதே நானூத்து முப்பத்தொண்ணுதான். காத்தால வெறும் வயித்துல சக்கர நூத்து நாப்பத்திரெண்டு இருந்துச்சு. ருக்குமணி கயித்து மில்லுக்குக் கெளம்பறப்ப அவளே குத்திப் பாத்து, "பரவால்லீங்க, எறங்கி வருது"ன்னு சொல்லிட்டுத்தான் போனா. பன்னண்டு நாளைக்கு அப்பறம் இன்னிக்குத்தான் பொண்டாட்டி மூஞ்சியில ஒரு சிரிப்பப் பாத்தேன், அதுக்குள்ள யாரு கண்ணு பட்டுச்சோ. இப்ப மணி பன்னண்டு. நாலு மணி நேரத்துல எங்கிருந்து வந்துச்சு இத்தனை? எங்கிருந்து வரும், மூணு வெரல்ல அள்ளி நக்குனனே, அதுலிருந்துதான். நாக்கு இருக்கே நாக்கு, அத அறுத்துப் போட்டிருந்தா கால் வெரல அறுத்திருக்க வேண்டியதில்ல. நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டர்கிட்டப் போகோணும். கட்டில் காலுக்குப் பக்கத்துல செவுத்துல ஒட்டியிருக்குது சார்ட்டு, மூணு வேளையும் மெசினுல வந்தத எழுதி அதக் கொண்டாந்து காட்டச் சொல்லியிருக்கறாரு. "இருநூறுக்குக் கீழ நின்னா தையல் பிரிக்கலாம் நாச்சிமுத்து. ஏறிக்கிட்டே இருந்துச்சுன்னா புண்ணு ஆறாது. அப்பறம் பாதத்த எடுக்கறதப் பத்திப் பேச வேண்டி வரும்." பேச வேண்டி வரும்ங்கறாரு, கல்யாணம் பேசற மாதிரி. ரெண்டு நாளா எல்லாமே இருநூறுக்குக் கீழ. இது வரைக்கும் சார்ட்டுல இந்த ஒரு கட்டம்தான் காலியாக் கெடக்குது. நாலுக்குப் பதிலா ஒண்ணப் போட்டு நூத்து முப்பத்தொண்ணுன்னு எழுதுனா யாருக்குத் தெரியப் போவுது? கால்ல இருக்கற கட்டுக்குத் தெரியும். எழுதாமப் பேனாவ மூடி வெச்சுட்டேன்.

முந்நூத்தம்பதுக்கு மேல போனா பன்னண்டு பாயிண்டு இன்சுலின்னு நர்சம்மா எழுதியிருக்குது. அதுக்குக் கீழ செவப்பு மையில ரெண்டு கோடு இழுத்து, நானூறுக்கு மேல போனா உடனே போன் பண்ணவும், நம்பரு. போன் தலகாணிக்கு அடியில இருக்குது, கைக்கு எட்டுது. பண்ணுனா என்ன சொல்லுவாங்க? கெளம்பி வாங்கம்பாங்க. வாங்கன்னா எதுக்கு? ஆறுக்குட்டிய அப்படித்தான் வாங்கன்னாங்க. எங்க கம்பெனி பஸ்ஸுல செக்கரா இருந்த ஆளு, டிக்கெட் எடுக்காதவன மூணாவது சீட்டுலிருந்தே மோப்பம் புடிக்கறவரு. மொதல்ல சுண்டு வெரலு, ஒண்ணுமில்ல நாச்சிமுத்து, சுண்டு வெரலு எதுக்கு ஆகுதுன்னு சிரிச்சாரு. நாலு மாசத்துல பாதம். அப்பறம் முட்டி. கடைசியா நான் ஹார்லிக்சும் தெராட்சையும் வாங்கிக்கிட்டுப் போயிருந்தப்ப, சக்கரக்காரனுக்குத் தெராட்சை வாங்கிட்டுப் போற அறிவு எனக்கு அப்ப அவ்வளவுதான், அவரு போர்வைய இடுப்பு வரைக்கும் இழுத்து உட்டுக்கிட்டு என் மூஞ்சியவே பாத்தாரு. நான் போர்வை தட்டையாக் கெடந்த எடத்தப் பாக்காம இருக்கோணும்னு ஃபேனப் பாத்துக்கிட்டே பேசுனேன். எனக்குக் கட்டைவெரலு. வலது கால்ல. பிரேக்கு மிதிக்கற கால்ல. போன் பண்ண மாட்டேன். பன்னண்டு பாயிண்டு போட்டாப் போவுது. ஊசிப் பேனாவத் திருகுனேன், டிக்கு டிக்குனு பன்னண்டு, வயித்துல சதையப் புடிச்சுக் குத்தி, பத்து எண்ணி எடுத்துட்டேன். போட்டு அரை மணி நேரத்துல சாப்படோணும்னு சொல்லியிருக்கறாங்க. சாப்பாடு இல்ல. இல்லாததும் நல்லதுக்குத்தான், நானூத்து முப்பத்தொண்ணு மேல களியப் போட்டு ஏத்தறதுக்கு எனக்கென்ன கிறுக்கா.

சாப்பாட்ட மயிலாத்தா தின்னுட்டா. நான்தான் தின்ன வெச்சேன். என் கூடப் பொறந்தவ, எனக்கு ஆறு வருசம் எளையவ, ரெண்டு தெரு தள்ளித்தான் ஊடு. அண்ணனுக்குக் கால் நிக்கோணும்னு வேண்டிக்கிட்டு, பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு வெறுங்கால்ல நடந்து போயி மல ஏறிட்டு, காத்தால பஸ்ஸேறி வந்து எறங்கி, ஊட்டுக்குக்கூடப் போகாம பதினோரு மணிக்கு நேரா இங்க வந்துட்டா. பச்சச் சீல புழுதியில கருத்துக் கெடக்குது. உள்ளங்கால்ல கொப்புளம் ஒடைஞ்சு சதை தெரியுது. கால நீட்டி உக்கார எடமில்லீன்னு என்ர வாக்கரத் தூக்கி வாசப்படியில வெச்சுட்டு, செவுத்துல சாஞ்சு உக்காந்தா. எத்தன தைப்பூசத்துக்கு அதே ரோட்டுல பஸ்ஸ ஓட்டிக்கிட்டு, பாதயாத்திரக்காரங்களப் பாத்து "ரோட்டக் குத்தகைக்கு எடுத்துட்டீங்களா, ஓரமாப் போங்க"ன்னு ஆரன அழுத்தியிருக்கறேன். அதுல யாரு யாரோட காலுக்காக நடந்தாங்களோ. "இந்தாங்ணா, கைய நீட்டுங்க." பஞ்சாமிர்த டப்பாவத் தொறந்துட்டா. பழமும் நெய்யும் ஏலக்காயும், வாசமே பசியக் கெளப்புது. "மயிலு, எனக்குச் சக்கர சாமி." "அண்ணா, முருகன் பிரசாதம்ங்ணா, வேண்டாம்னு சொல்லப்படாது. கால் போகக்கூடாதுன்னு அவங்கிட்டக் கேட்டுட்டு வந்திருக்கறேன், அவன் குடுத்தத வேண்டாம்னா அவன் என்ன நெனைப்பான்?" அந்தக் கொப்புளக் காலப் பாத்துக்கிட்டு எந்த வாயில வேண்டாம்னு சொல்றது? எடது கையக் கீழ குடுத்து வலது கைய நீட்டுனேன். ஒரு கரண்டி போட்டா. மூணு வெரல்ல எடுத்து ஒரு நக்கு, மிச்சத்தையும் ஒரு நக்கு. பிரசாதம் தொட்ட கையக் கழுவக்கூடாது, கழுவுனா சாமிய எச்சத்தண்ணியாட்டச் சாக்கடையில உடற மாதிரின்னு எங்கம்மா அடிச்சே பழக்கி உட்டிருக்குது. அதனால எப்பவும் போலத் தலையில தொடைச்சுக்கிட்டேன், அவளும் அவ தலையில தொடைச்சுக்கிட்டா. டப்பாவச் சாமி பலகையில வெச்சா. மூணு நாளா ஒழுங்காச் சாப்படலீங்ணான்னு வாய் தவறிச் சொல்லிட்டா, அவ்வளவுதான், ருக்குமணி எனக்கு மூடி வெச்சுட்டுப் போன களியையும் கீரையையும் அவ முன்னால தள்ளி, "எனக்கு அடுப்படியில வேற இருக்குது, நீ தின்னு"ன்னுட்டேன். பொய்யி. அவ தின்னதப் பாக்கறப்ப எனக்கு வயிறு நெறஞ்சுது, அது பொய்யில்ல. பதினொண்ணரைக்கு நாய் வராம வாசக் கதவச் சாத்திட்டு, நொண்டிக்கிட்டே போனா.

ஆரன் சத்தம். ரெண்டு சின்னது, ஒரு நீட்டு. பன்னண்டே முக்கால் உடுமலை வண்டி, என்ர வண்டி, இருவது வருசம் நான் அழுத்துன ஆரன். புது டிரைவரு நம்ம ஊடு வர்றப்ப மரியாதைக்கு அடிச்சுட்டுப் போறான். ஒவ்வொரு நாளும் அந்தச் சத்தத்துக்கு வலது கால் தானா அழுத்தும், இல்லாத கட்டைவெரலு போயி இல்லாத பிரேக்க மிதிக்கும். இன்னிக்கு மிதிக்கல. ஏன் மிதிக்கல? அடப்பாவி, அதுவும் போச்சா? அந்த வண்டிதான் காலத் தின்னுச்சு. என்ஜின் சூடு கீழ தகரத்துல ஏறி, தகரத்துலிருந்து செருப்புல ஏறி, செருப்புலிருந்து என்ர வெரல்ல ஏறி வெந்திருக்குது, எனக்குத் தெரியவேயில்ல. கண்டக்டர்தான் மூக்கப் புடிச்சுக்கிட்டு, "என்னங்ணா வண்டிக்குள்ள எலி செத்துக் கெடக்குதா"ன்னு சீட்டுக்கடியில எல்லாம் தேடுனான். நானும் கூடச் சேந்து தேடுனேன். ஆசுபத்திரியில டாக்டரு, "கண்ண மூடிக்கங்க நாச்சிமுத்து, ஊசியில தொடறேன், தெரியுதான்னு சொல்லுங்க"ன்னாரு. உணர்ச்சி இல்லீன்னா லைசென்சு போயிருமேன்னு பயம். "தெரியுதுங்க." "இப்ப?" "தெரியுதுங்க, சுருக்குனு தெரியுது." "நான் இன்னும் தொடவேயில்லீங்க"ன்னாரு. ருக்குமணி சீல முந்தானைய வாயில வெச்சுக்கிட்டா. "பொய் சொல்லாதீங்க. இந்தக் கால் என்னிக்காவது வலிச்சுதுன்னா எனக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க, நான் சந்தோசப்படுவேன்"ன்னாரு. இதென்னடா கூத்து, வலிச்சா சந்தோசப்படற டாக்டரு. ஆனா பன்னண்டு நாளா, வெரல வெட்டி எடுத்ததுக்கு அப்பறமும், அங்கங்க ஒரு மரமரப்பு, ஒரு அரிப்பு, அவ்வளவுதான். வலி வல்ல. வெட்டுன எடத்துலயே வலி வல்லீன்னா அது யாரோட காலு?

வேர்க்குது. ஃபேன் ஓடுது, தை மாசம், சட்டை முதுகுல ஒட்டுது. நெஞ்சு தடதடன்னு அடிக்குது. கைய நீட்டிப் பாக்கறேன், வெரலு ஆடுது. பயம், வேறென்ன, மனுசன் இப்படிக் கெடந்து நெனைச்சா கை ஆடாம என்ன பண்ணும். சின்ன வயசுல மொத மொத வண்டிய எடுத்தப்பவும் இப்படித்தான் ஆடுச்சு. இல்ல, பயமில்ல, சக்கர. நானூத்து முப்பத்தொண்ணு ஐநூறாகியிருக்கும். ஆறுக்குட்டிக்கு ஐநூத்துச் சொச்சத்துல வாயி கோணி, பொண்டாட்டியப் பாத்து டிக்கெட் எடுத்தியான்னு கேட்டாராம். சிரிப்பு வருது. சிரிச்சா ஒதடு மரமரன்னு இருக்குது. மெசினுல பாத்தாத் தெரிஞ்சுரும். பாக்க மாட்டேன். ஐநூறுன்னு காட்டுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? பாக்காத வரைக்கும் பாதம் இருக்குது. பாத்தாப் போச்சு. கெரகமே, இதென்ன பேச்சு, பாத்தாலும் பாக்கலீன்னாலும் உள்ள இருக்கறது இருக்கத்தான செய்யும். இல்ல, பாக்கக்கூடாது. இன்னொரு ஆறு பாயிண்டு போட்டுட்டாப் போவுது. பன்னண்டுக்கு எறங்கல, பதினெட்டுக்கு எறங்கும். பேனாவ எடுக்கறேன். எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுது. டிக்கு, டிக்கு, எத்தன ஆச்சு, மறுபடியும் மொதல்லேர்ந்து, டிக்கு. மயிலு நடந்த தூரம் அறுபத்தஞ்சு கிலோமீட்டரு, அந்த ரோட்டுல எனக்கு ஒவ்வொரு குழியும் தெரியும், அவ எந்தக் குழியில கால வெச்சாளோ. எட்டுல நிக்குது, ரெண்டு கொறைக்கோணும். தலைக்குள்ள என்னமோ ஊருது.

தலைக்குள்ள இல்ல, தலையில. கைய உட்டு நசுக்கி எடுத்தேன், எறும்பு. செவப்பெறும்பு. இன்னொண்ணு, கழுத்துல ஒண்ணு. தலகாணியில ஒரு வரிசையே போவுது, செவுத்துலிருந்து எறங்கிக் கட்டில் சட்டம் ஏறி என்ர தலைக்கு. முருகா! சக்கர எச்சாயி மூத்திரத்துக்குத்தான் எறும்பு வரும்னு கேட்டிருக்கறேன், எனக்குத் தலைக்கே வந்திருச்சா, தோலு வழியாவே கசியுதா, உசுரோட இருக்கறப்பவே எறும்பு தூக்கிட்டுப் போகுதா? பேனா கையிலிருந்து நழுவறது தெரியுது, ஆனா உழுகல. வெரல்ல ஒட்டிக்கிட்டு நிக்குது. ஒட்டிக்கிட்டு. மோதிர வெரலும் கட்டைவெரலும் பிசுக்கு பிசுக்குனு. மோந்து பாத்தேன், பழம், நெய்யி, ஏலக்காயி, பச்சக் கற்பூரம். சித்த நேரம் அந்த வெரலவே பாத்துக்கிட்டு இருந்தேன். பிரசாதம் தொட்ட கை. தலையில தொடைச்ச கை. எடது கை வெரலு அஞ்சும் குத்திக் குத்திச் சல்லடையாப் போச்சேன்னு, இன்னிக்கு ஒரு நாளைக்கு வலது கை மோதிர வெரல்ல குத்துனேன். கழுவாத வெரல்ல. அப்ப மெசினு பாத்தது என்ர ரத்தத்தையா, பஞ்சாமிர்தத்தையா? ஆசுபத்திரியில அந்த நர்சம்மா தலபாடா அடிச்சுக்கிச்சு, கையக் கழுவிட்டுக் குத்துங்க, கையக் கழுவிட்டுக் குத்துங்கன்னு. நான் என்னமோ அழுக்குக்குச் சொல்லுதுன்னு நெனைச்சேன். அப்ப சக்கர ஏறல. ஏறாத சக்கரைக்குப் பன்னண்டு பாயிண்டு. சோறும் தின்னல. சொம்புத் தண்ணிய எடது கையில ஊத்தி, பனியன்ல தொடைச்சு, எடது சுண்டு வெரல்ல குத்தறேன். மொதக் குத்து கட்டில்ல உழுந்துது. ரெண்டாவது குத்துல ரத்தம் வந்துச்சு. அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு மெசினு எண்ணுது. நாப்பத்தொம்பது.

எழுபதுக்குக் கீழ போனா உடனே சக்கர திங்கோணும், இல்லீன்னா மயக்கம் வரும், மயக்கம் வந்து ஆளில்லீன்னா அவ்வளவுதான். இது சார்ட்டுக்குக் கடைசி வரி, நான் இத்தன நாளாப் படிக்கவேயில்ல, ஏறறதுதான எனக்கு வியாதி, எறங்கறது எனக்கெதுக்குன்னு. ஊட்டுல சக்கர இல்ல. டப்பாவோட தூக்கி ருக்குமணி பக்கத்து ஊட்டுக்குக் குடுத்துட்டா, வெல்லம், தேனு, பிஸ்கோத்து ஒண்ணு பாக்கியில்லாம. மயிலுக்குப் போன் பண்ணுனா வருவா, அந்தக் கால வெச்சுக்கிட்டு வர்றதுக்குப் பத்து நிமிசமாகும். பத்து நிமிசம் என்கிட்ட இருக்குதா? கண்ணு ஓரத்துல இருட்டிக்கிட்டு வருது. இருக்கறது அந்தப் பலகை மேல இருக்கற டப்பாதான். பத்தடி. வாக்கரு வாசப்படியில, அது பன்னண்டடி. தையல் பிரிக்கற வரைக்கும் அந்தக் காலத் தரையில ஊனவே கூடாதுன்னு சத்தியம் வாங்காத கொறையாச் சொல்லி அனுப்பியிருக்கறாங்க. ஊனுனாத் தையலு பிரியும், பிரிஞ்சாப் பாதம். ஊனலீன்னா நாச்சிமுத்து. கட்டில்லிருந்து தரையில உழுந்தேன், எறங்குனேன்னு சொல்ல முடியாது. குண்டியத் தேச்சுத் தேச்சுப் போறேன். சிமிட்டித் தரை சில்லுனு இருக்குது. எதுக்குப் போறேன்? பஸ்ஸுக்கு நேரமாச்சா? இல்ல, டப்பா, டப்பா, டப்பான்னு வாய் உட்டுச் சொல்லிக்கிட்டே போறேன், சொல்றத நிறுத்துனா மறந்துருவேன். பலகைக்கு அடியில வந்துட்டேன். பலகை மேல, முருகன் படத்துக்குப் பக்கத்துல, உக்காந்துக்கிட்டு எட்டாது. எடது காலு ஈரத்துணியாட்ட மடங்குது, நிக்க மாட்டேங்குது. செவுத்தப் புடிச்சேன். வலது கால ஊனுனேன். முழுசா ஊனுனேன். ஆ! அய்யோ, அம்மா! சுருக்குனு இல்ல, பளீர்னு, உள்ளங்காலிலிருந்து முட்டி ஏறித் தொடை வரைக்கும். டப்பா கையில வந்துருச்சு, நானும் டப்பாவும் ஒட்டுக்கா உழுந்தோம்.

கையாலயே அள்ளித் திங்கறேன். மூணு வெரல்ல இல்ல, அஞ்சு வெரல்லயும், உள்ளங்கையிலயும், மீசையெல்லாம், கொழந்த மண்ணத் திங்கற மாதிரி. பேரீச்சம்பழக் கொட்டைய எங்க துப்புனேன்னு தெரியல. தின்னுட்டுச் செவுத்துல தலையச் சாச்சுக்கிட்டுக் கெடந்தேன். முருகன் படத்துல வேலு ஒண்ணாத் தெரியுதா ரெண்டாத் தெரியுதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டாத் தெரிஞ்சுது. ரெண்டாவே தெரிஞ்சுது. அப்பறம் ஒண்ணாச்சு. வேர்வை குளுந்து போச்சு, நெஞ்சு தட்டறது மெதுவாச்சு. கட்டுல ஒரு ரூவா அகலத்துக்கு ரத்தம் ஊறியிருக்குது. அதப் பாக்கறப்ப மறுபடியும் அந்தப் பயம் வந்து பக்கத்துல உக்காந்துக்குது, அது எங்கயும் போகல, நாளைக்குப் பத்து மணி வரைக்கும் போகாது. மெதுவா நகந்து போயித் தலகாணிக்கு அடியிலிருந்து போன எடுத்தேன். ஆசுபத்திரி நம்பரத் தேடுனேன், பிசுக்குக் கையில அழுத்த அழுத்த வேற நம்பரு போவுது. மயிலாத்தாதான் எடுத்தா. "அண்ணா? என்னங்ணா, கொரலு ஒரு மாதிரி இருக்குது?"

"மயிலு, கால் வலிக்குது சாமி."

"அய்யய்யோ, எந்தக் காலுங்ணா?"

"அந்தக் காலுதான். ஊனிட்டேன். வலி உசுரு போவுது." அவ அழுக ஆரம்பிச்சுட்டா, நான் போகாம இருந்திருக்கோணும், உங்களுக்குக் குடுக்காம இருந்திருக்கோணும், என்னாலதான்னு என்னென்னமோ சொல்றா, அந்தப் பக்கம் கதவு தொறக்கற சத்தம் கேக்குது, நொண்டிக்கிட்டே ரோட்டுக்கு வந்துட்டான்னு தெரியுது. "அழுகாத புள்ள. நான் சொல்றது உனக்குப் புரியுதா? வலிக்குது. தொடாமயே வலிக்குது. மெதுவா வா, உன்ர காலு புண்ணாக் கெடக்குது. டாக்டரு நம்பரு இந்தச் சார்ட்டுல இருக்குது, நீ வந்து போட்டுக் குடு, நான் அவருகிட்டப் பேசோணும்."